பூஞ்சேரி வரைக்கும் பணக்காரன்

“ஆரம்பத்துக்கு நல்ல பைக், அங்கிள்.”

போன ஞாயிற்றுக்கிழமை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு காபிக் கடை வாசலில், என் சைக்கிளின் கீழ்க்குழாயை நகத்தால் ஒரு சுண்டு சுண்டி, அது எழுப்பிய ‘டங்’ சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, அலுமினியம்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஒரு பையன் சொன்னது இது. இருபத்தைந்து வயது இருக்கும். அவனுடையது கார்பன். சுண்டினால் ‘டொக்’ என்று அடக்கமாகச் சத்தம் வரும். பையன் கெட்டவன் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. நான் அறுபதைத் தொடப்போகிற ஆள். இனிமேல் எனக்கு ஆரம்பிக்கக்கூடியவை பென்ஷனும் முழங்கால் வலியும்தான். அதில் முழங்கால் வலி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

இன்றைக்கு வியாழன். இன்னும் ஆறவில்லை.

இத்தனைக்கும் அதே சைக்கிள், அதே காலையில், திருக்கழுக்குன்றத்து டீக்கடை ஒன்றில் வேறு மரியாதை பெற்றிருந்தது. கைலி கட்டிய ஒரு பெரியவர் விலை கேட்டார். சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த கிளாஸை பெஞ்சில் வைத்தார். பக்கத்திலிருந்தவரின் தொடையைத் தட்டி, “கேட்டியா? சைக்கிளாம்,” என்றார். அதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்தவனிடம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். பாதி வழியில் திருக்கழுக்குன்றம். கடல் நெருங்கும்போது பூஞ்சேரி கூட்டுரோடு. பூஞ்சேரிக்கு மேற்கே என் சைக்கிள் ஊதாரித்தனம்; கிழக்கே அது ஏழ்மை. அதே குழாய், அதே சக்கரம், அதே நான். நடுவில் ஒரு பத்து மீட்டர் தூரத்துக்கு அது நியாயமான விலைக்கு வாங்கின நல்ல சைக்கிளாக இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் லாரிகள் திரும்புவதால் நின்று அனுபவிக்க முடிவதில்லை.

அலுமினிய சைக்கிள் ஏன் சிறந்தது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன. அந்தப் பையன் நின்றிருந்தால் மூன்றையும் சொல்லியிருப்பேன். அவன் போய்விட்டான், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். முதல் காரணத்துக்கு வருமுன், விலை கேட்பதைப் பற்றி இரண்டு வார்த்தை.

நான் கேட்க மாட்டேன் என்று சொல்லவில்லை. போன மாதம் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். மாலையைப் போட்டேன், கும்பிட்டேன், ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றேன், பிறகு வெளியே வந்து இறந்தவரின் மருமகனிடம் ஐஸ் பெட்டிக்கு நாள் வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சொன்னார். சொல்லிவிட்டு, அவசரத்தில் பேரம் பேச முடியவில்லை என்று வருத்தப்பட்டார். மாமனார் போன வருத்தத்தைவிட அது கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது. நான் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கொடுக்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும் என்றேன். அப்படிச் சொல்லாமல் என்னால் அந்த வாசலைத் தாண்டியிருக்க முடியாது. ஆக, கேட்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேட்கிற முறையில்தான்.

யாரும் எடுத்தவுடன் கேட்பதில்லை. முதலில் டயரை அமுக்குவார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, சந்தையில் கத்திரிக்காய்க்குச் செய்கிற சோதனை. கல்லாக இருக்கும். ஒரு மரியாதை பிறக்கும். அடுத்து பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பார்கள். அதற்கடுத்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், சைக்கிளைத் தூக்குவார்கள். ஒரு கையால். பிறகு இரண்டு விரலால். பிறகு நண்பரைக் கூப்பிட்டு அவரைத் தூக்கச் சொல்வார்கள். வண்டியின் எடை பத்தரைக் கிலோ. நல்ல சைக்கிள்காரர்கள் கணக்கில் அது தேர் இழுப்பு. டீக்கடைக் கணக்கில் காகிதம். இந்தத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் இந்தப் பக்கத்து மண்ணில் இருக்கிறதோ என்னவோ. மாமல்லபுரத்தில் சரிவில் உட்கார்ந்திருக்கிற வெண்ணெய் உருண்டைப் பாறையை, 1908இல் சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார் என்று ஒரு கதை சொல்வார்கள். அது சுமார் 250 டன். அசையவில்லை. ஒரு பொருளைப் பார்த்துவிட்டு அப்படியே போக முடியாத மனிதர்களில் அவரும் ஒருவர். விலையையும் யாரிடமாவது கேட்டிருப்பார்.

தூக்கி இறக்கிய பிறகு, “கியர் எத்தினி?” பதினாறு. “உள்ள பேட்டரி கீதா?” இல்லை. இதற்குப் பிறகுதான், வானத்தைப் பார்த்துக்கொண்டு, எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்கிற குரலில், “எவ்ளோ ஆவும்?”

எவ்வளவு என்று நீங்களும் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள், தெரியும். சொல்கிறேன், பொறுங்கள்.

விலையைக் கேட்டதும் திகைப்பு வரும், சரி. அதற்கு நான் தயார். நான் தயாராக முடியாதது அதற்கடுத்த கேள்விக்கு. திகைப்பு தெளிந்ததும், கண் சைக்கிளின் பின் சக்கரத்துக்குப் போகும். அங்கேயே நிற்கும்.

“அவ்ளோ வெலயா? ஸ்டாண்டே இல்லியே?”

இல்லை. ஸ்டாண்டு இல்லை. சாலைப் பந்தய சைக்கிளுக்கு ஸ்டாண்டு கிடையாது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் ஆரம்பித்த நாளிலிருந்து நம் தாத்தாமார் வாங்கின சைக்கிளில் என்னென்ன இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டாண்டு. கேரியர். முன்னும் பின்னும் மட்கார்டு. வேட்டி மாட்டாமலிருக்கச் செயின் கவர். பெல். பூட்டு. கேட்டால் டைனமோ, லைட். கேரியரில் நெல் மூட்டை, முன் பாரில் பிள்ளை, ஹாண்டில்பாரில் தூக்குவாளி. எல்லாம் அந்த விலைக்குள். இப்போது அந்த விலையைவிடப் பல மடங்கு கொடுங்கள். கடைக்காரர் முதல் வேலையாக ஸ்டாண்டை எடுத்துவிடுவார். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் கேரியர் போகும். மட்கார்டு போகும், மழை நாளில் சாலையின் சேறு நேராக முதுகுத் தண்டில் கோடு போடும், அதற்கும் சேர்த்துத்தான் காசு. செயின் கவர், பூட்டு, எல்லாம் போகும். சட்டத்துக்காக ஒரு பெல்லைக் கொடுப்பார்கள், மூக்குத்தி அளவில். அடித்தால் எனக்கே கேட்காது.

இத்தோடு நின்றதா? இன்னும் இரண்டு மடங்கு கொடுத்தால் பெடல் இருக்காது. நான் விளையாடவில்லை. விலை உயர்ந்த பந்தய சைக்கிள்களைப் பெடல் இல்லாமல்தான் விற்கிறார்கள்; அதை நாம் நம் விருப்பத்துக்குத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். பெடல் இல்லாத சைக்கிளை ஒருத்தர் லட்சங்கள் கொடுத்து வாங்கி, கார் மேல் கட்டி, வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அதற்கும் மேலே போனால் கேபிள் இருக்காது, கியர் மின்சாரத்தில் மாறும். இங்கிலாந்தில் மலையேற்றப் பந்தயக்காரர்கள் ஹாண்டில்பாரில் சுற்றிய நாடாவைக்கூட உரித்துவிட்டு, இரும்பில் துளை போட்டுக் குறைப்பார்கள். சர்வதேச சைக்கிள் சங்கம் 2000இல் குறுக்கே விழுந்து, பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி போட்டது. போடாமல் விட்டிருந்தால் இந்நேரம் இரண்டு சக்கரத்தில் ஒன்றையும் கழற்றி, அதற்கு ஒரு விலையும் வைத்திருப்பார்கள்.

இதையெல்லாம் ஒருமுறை திருக்கழுக்குன்றத்து டீ மாஸ்டரிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். காசு ஏற ஏறச் சாமான் குறையும் என்கிற தத்துவம் அவருக்குப் பிடித்துவிட்டது. மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே, டீ இரண்டு முறை போய்வந்தது.

“அப்போ ஒண்ணுமே இல்லாம நடந்து போறானே,” என்றார், “அவன் கோடீஸ்வரனா?”

நியாயமான கேள்வி. பதில் இல்லை. அன்றிலிருந்து எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறார், பாவம் என்று.

சரி, அலுமினியம். முதல் காரணம், எடை. ஆனால் அதற்குமுன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சைக்கிளை வாங்கிவந்த அன்று, அது 6061 என்கிற கலவை, மக்னீசியமும் சிலிக்கனும் சேர்த்தது, சூளையில் வைத்துச் சுட்டு, நீரில் அமிழ்த்தி, மறுபடி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் பதப்படுத்தியது, அதற்கு டி6 என்று பெயர், விமானத்திலும் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கூடத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எண்பது வயது அம்மா முழுவதையும் கேட்டார். “நம்ம இட்லிக் குண்டான்தானேடா?” என்றார்.

ஆமாம். இட்லிக் குண்டான்தான். மறுக்க முடியாது, சொல்லப்போனால் இந்தியாவில் இந்தச் சமாச்சாரமே சென்னையில் குண்டானிலிருந்துதான் ஆரம்பித்தது. 1898இல் சென்னை ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ஸின் பொறுப்பிலிருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்கிற பொறியியல் துரை, பித்தளைக்கும் செம்புக்கும் பதிலாக அலுமினியத்தில் பாத்திரம் செய்யப் பழக்கினார். இன்றைக்கு ஓவியமும் சிற்பமும் சொல்லிக்கொடுக்கிற அதே எழும்பூர் வளாகத்தில் அன்றைக்குச் சட்டி தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த உலோகத்துக்கு அதற்கு முன்னால் வேறு வாழ்வு இருந்தது. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் அலுமினியத் தட்டில் விருந்து வைத்து, மற்றவர்களைத் தங்கத் தட்டில் சாப்பிடச் சொன்னார் என்பார்கள். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் இதை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். விலை சரிந்தது. பன்னிரண்டே வருடத்தில் ராஜா தட்டு எழும்பூரில் சட்டியாகிவிட்டது. உலோகத்தின் குணத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுவும் ஏதோ ஒரு பூஞ்சேரியைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எடைக்கு வருகிறேன். எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். அபாரம் என்று கை தட்டும் முன்பே, விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்று தெரியவருகிறது. அதே கனத்தில் குழாய் போட்டால் மிதிக்கும்போது வளையும். ஆகவே குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். விட்டம் கூடினால் விறைப்பு மளமளவென்று கூடும். அதனால்தான் என் சைக்கிளின் குழாய்கள் அவ்வளவு பெரியவை. அதனால்தான் உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். அந்தக் குழாயின் உள்ளே செங்கல்பட்டுக் காற்றைத் தவிர ஒன்றும் கிடையாது.

எடை என்று வந்துவிட்டால் திருக்கழுக்குன்றத்துக் கழுகுகளை விட்டுவிட்டுப் போக முடியாது. வேதகிரி மலையில், ஐந்நூறுக்கு மேற்பட்ட படி ஏறி, உச்சிப் பொழுதில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு உட்கார, இரண்டு பறவைகள் வந்து சாப்பிட்டுப் போகும். காசியில் குளியல், இங்கே சாப்பாடு, ராமேஸ்வரத்தில் தரிசனம், சிதம்பரத்தில் உறக்கம் என்று அவற்றின் தினசரி நிரலைச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த நெடுந்தூர சைக்கிள்காரர்கள் இருக்கிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும் 600ஐ 40 மணி நேரத்துக்குள்ளும் முடித்து, பதக்கத்தை வாட்ஸப்பில் போடுகிறவர்கள். 1200 கிலோமீட்டருக்கு 90 மணி நேரம் கெடு. காசியிலிருந்து கழுக்குன்றம் அதைவிடத் தூரம், அந்தப் பறவைகள் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். படம் போடவும் இல்லை. கழுகு என்று சொன்னாலும் அவை பாறு வகை. ஒன்றின் எடை சுமார் இரண்டு கிலோ. கார்பன்காரர்கள் கவனிக்க. ஸ்டாண்டும் கிடையாது. 1990களுக்குப் பிறகு அவை வருவதில்லை. யாராவது விலை கேட்டிருப்பார்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டினால் சாலை நன்றாக இருக்கும், சில வருடங்களில். இந்தப் பகுதிச் சாலைகளின் ஆரோக்கியம் வெளியுறவுத் துறையின் கையில் இருக்கிறது. 2019 அக்டோபரில் சீன அதிபர் மாமல்லபுரம் வந்தபோது பளபளத்தது. 2022இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது மறுபடி ஒரு பூச்சு, சுவரெல்லாம் வேட்டி கட்டின குதிரை. ஒரு குழியில் முன் சக்கரம் இறங்கி ஏறும் ஒவ்வொரு தடவையும், எந்த நாட்டு அதிபராவது வரமாட்டாரா என்று வேண்டிக்கொள்கிறேன். சின்ன நாடாக இருந்தாலும் பரவாயில்லை.

பூஞ்சேரி. கிழக்கே திரும்பினால் நான் ஏழை.

இங்கே யாரும் விலை கேட்பதில்லை. கேட்க அவசியமில்லை, ஒரு பார்வையில் தெரிந்துகொள்வார்கள். கண் நேராகப் பின் சக்கரத்தின் கியரில் எழுதியிருக்கும் பெயருக்குப் போகும். ஷிமானோ கம்பெனியின் சாலை சைக்கிள் கியரில் ஒரு படிவரிசை உண்டு. கீழேயிருந்து கிளாரிஸ், சோரா, டியாக்ரா, 105, அல்டெக்ரா, டூரா ஏஸ். நம் ஊரில் நான்கு வருணத்தோடு நிறுத்திக்கொண்டார்கள், ஜப்பான்காரர்களுக்கு ஆறு தேவைப்பட்டிருக்கிறது. என்னுடையது கிளாரிஸ். அதுவும் கியரை மாற்றத்தான் செய்கிறது. ஆனால் காபிக் கடை வாசலில் சைக்கிள்களைச் சாய்த்து வைக்கும்போது, என்னுடையது இயல்பாகவே வரிசையின் கடைசிக்கு, குப்பைத் தொட்டிப் பக்கம் போய்விடுகிறது. யாரும் தள்ளுவதில்லை. அதுவாகவே போகிறது. “ஃபோர்க் கார்பன்தான்,” என்று நான் யாரும் கேட்காமலே சொல்வதுண்டு. உண்மைதான்; முன் கவை மட்டும் கார்பன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பையனிடம் ஒன்று மட்டும் சொல்லத்தான் செய்தேன். “தம்பி, 1998ல மார்க்கோ பந்தானி டூர் தெ பிரான்ஸ் ஜெயிச்சது அலுமினிய சைக்கிள்லதான்.” அன்றைக்கு அவர் ரத்தத்தில் என்ன ஓடியது என்பது வேறு கதை, அதை நான் எழுப்பவில்லை.

“நான் 2000ல பொறந்தேன் அங்கிள்,” என்றான்.

இவர்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு உண்மையிலேயே எரிகிற இடம் வேறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலையில் முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒன்றரை அடி நமக்கு. அதிலும் பாதி மணல். எதிர்த்திசையில் ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வருகிற பைக்கும் அதே ஒன்றரை அடியில்தான் வரும், நாம் தவறு செய்கிறோம் என்கிற முகத்தோடு. முதலைப் பண்ணை வாசலில் கார்க் கதவு பார்க்காமல் திறக்கும். பின்னாலேயே, முந்நூறு ரூபாய் மீனுக்காகக் கோவளம் போகிற முப்பது லட்ச ரூபாய் வண்டி, என் முழங்கையை உரசிக்கொண்டு, காது செவிடாகும்படி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். முந்திப் போனபின்னும் அடிப்பான். எதற்கு? நான்தான் பின்னால் வந்துவிட்டேனே! இரண்டு நாள் சாலையில் போட்டு மிதித்தால் தெரியும் அவனுக்கு. யோசித்துப் பார்த்தால் பூஞ்சேரிக்கு இரண்டு பக்கமும் சேர்த்து, என் சைக்கிளின் விலையைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாத ஒரே பிரிவினர் இவர்கள்தான். திருக்கழுக்குன்றத்துக் கைலிப் பெரியவர் என் சைக்கிளைக் கேவலமாகப் பேசினார், ஆனால் கண்ணால் பார்த்தார். அவர் கையில் கார் கொடுத்தால்கூட என்னை இடிக்க மாட்டார். இடித்தால் எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம், அலுமினியம் துருப்பிடிக்காது. கடலோர ஊருக்கு ஏற்றது. காற்று பட்டவுடன் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு தோல் கட்டி, தன்னைத் தானே காத்துக்கொள்ளும். இது முக்கால் உண்மை. மீதிக் கால், அதில் முடுக்கியிருக்கும் திருகாணிகள் எஃகு என்பது. அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டு, நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் மின்சாரம் ஓடும். அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். மாமல்லபுரத்துக் கடற்காற்றிலும் உப்பு, என் நெற்றியிலிருந்து சொட்டுவதிலும் உப்பு. ஆக, உள்ளே பேட்டரி இருக்கிறதா என்று கேட்டவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. சீட்டுக் கம்பியைக் கிரீஸ் தடவாமல் இரண்டு கோடை விட்டால் அது குழாயோடு இறுகிக்கொள்ளும். பிறகு லாலி துரையின் ஏழு யானைகள் வேண்டும்.

திரும்பி வருவது எப்போதுமே கஷ்டம். ஆனி, ஆடியில் விடியற்காலை மேற்கிலிருந்து காற்று. கடலுக்குப் போகும்போது யாரோ முதுகைத் தள்ளுகிற சுகத்தில், நான் நன்றாகத்தான் மிதிக்கிறேன் என்கிற எண்ணம் வரும். ஒன்பது மணிக்குத் திரும்பினால் அதே காற்று மூஞ்சியில். பகல் பன்னிரண்டுக்குக் கடற்காற்று கிளம்பி நம்மை வீட்டுக்குத் தள்ளிவிடும், காத்திருக்கலாம். ஆனால் அதற்குள் வெயில் நம்மை அலுமினியத்தோடு சேர்த்துப் பதப்படுத்திவிடும்.

அன்றைக்கு அந்த எதிர்காற்றில் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தபோது, ஒரே சைக்கிளில் இரண்டு பையன்கள் பக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். அரசாங்கம் கொடுத்த சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கிற எல்லாருக்குமாக விரிந்த திட்டம். ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு, முன்னால் கூடை. “எவ்ளோண்ணா?” என்றான் கேரியரில் இருந்தவன். அங்கிள் என்று சொல்லாததற்காகவே உண்மை விலையைச் சொன்னேன். இருவரும் ஒரு பர்லாங் தூரம் பேசவில்லை. நான் வாங்கும்போது எல்லாப் பத்திரிகைகளும் இதைக் கொடுத்த காசுக்கு மேல் மதிப்புள்ள சைக்கிள் என்று எழுதியிருந்தன. கொடுத்த காசு பூஜ்யம் என்றால் மதிப்பு என்ன ஆகும்? பிளஸ் ஒன் கணக்கு வாத்தியாரைக் கேட்டால் முடிவிலி என்பார். பதினாறு கியரோடு அந்த முடிவிலிக்குப் பின்னால், அவர்கள் காற்று மறைவில், பேசாமல் போனேன்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதைச் சொல்ல வாயெடுக்கும்போது பின் சக்கரத்தில் ‘புஸ்’. வேலிக்காத்தான் முள். மாற்று டியூபைக் காலையிலேயே வேறொரு வேலிக்காத்தானுக்குக் கொடுத்தாயிற்று. தள்ளிக்கொண்டே போனால் ஒரு புளியமரம், அதன் கீழே தொங்கும் பழைய டயர், பஞ்சர் கடை.

கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்தார். வால்வைப் பார்த்தார். பந்தய சைக்கிள் வால்வு ஒல்லியானது. நம் ஊர்ப் பம்பு வாய் அதில் உட்காராது. பையிலிருந்து பித்தளை அடாப்டரை எடுத்துக் கொடுத்தேன். காற்று எவ்வளவு என்றார். தொண்ணூறு பவுண்டு என்றேன்.

“லாரிக்கு வெக்கிறத சைக்கிளுக்குக் கேக்கிற,” என்றார். பிறகு டயரை அமுக்கி, பிரேக்கைப் பிடித்து, வண்டியைத் தூக்கிப் பார்த்து, வானத்தைப் பார்த்தார். “எவ்ளோ ஆவும் இந்த வண்டி?”

உண்மையைச் சொன்னால் பஞ்சர் கூலி அதற்கேற்ப ஏறும். எனக்குத் தெரியாதா?

“மச்சான் குடுத்தாருங்க. பழசு.”

“அதான் பாத்தேன்,” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் வந்த ஆக்டிவாவை முதலில் எடுத்துக்கொண்டார். அது முடிந்து, அந்த அம்மா சில்லறைக்காகப் போய்த் திரும்பி வந்து, அதற்குப் பிறகு என் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சீட் மண்ணில், ஹாண்டில்பார் மண்ணில். முள்ளை எடுத்தார். ராவினார், சொல்யூஷன் தடவி ஒட்டினார், தண்ணீரில் முக்கிப் பார்த்தார், மாட்டினார், காற்றடித்தார். சுத்தமான வேலை. குறை சொல்ல முடியாது.

“எவ்ளோங்க?” என்றேன்.

“நூறு.”

“நூறா? சைக்கிள் பஞ்சருக்கா? செங்கல்பட்டுல அம்பது ரூபாதானே வாங்கறாங்க?”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பின் சக்கரத்தைக் காட்டினார்.

“ஸ்டாண்டு இருந்தா இங்கயும் அம்பதுதான்.”